பெரியவங்க பிளாக்

என் தங்கை எழிலுக்குப் பல் முளைப்பதற்கு முன்பே கையில் ஊசி ஏறிவிட்டது. எட்டு மாதக் குழந்தை வெளுத்துப்போய், பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள் என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்போது ஆறு வயது. கோயம்புத்தூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன் பேரை நான் சொல்லப் போவதில்லை. நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். குழந்தைகள் பிளாக்கில் இருந்த வெங்கடலட்சுமி டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தலசீமியா என்றார். உடம்பு சொந்தமாக நல்ல ரத்தம் செய்துகொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், உயிருள்ள வரைக்கும். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இரண்டு பேர் உடம்பிலும் அது பாதி பாதியாக ஒளிந்திருந்திருக்கிறது, அவர்களுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல். என் உடம்பிலும் பாதி இருக்கிறது. முழுசாக வந்தது எழிலுக்கு மட்டும்.

ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டில் ரத்தத்தோடும் இரும்பும் உள்ளே போகிறது. அது தானாக வெளியே வராது, இருதயத்திலும் ஈரலிலும் போய்ப் படிந்துகொள்ளும். அதை வெளியே தள்ள, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து எழில் குடிப்பாள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் பாம்பு, தேள் எதற்கும் பயமில்லை, இரும்புக்குத்தான் பயம். முருங்கைக்கீரையில் இரும்பு இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாசலில் காய்த்துக் கிடந்த முருங்கை மரத்தையே அப்பா வெட்டிப் போட்டுவிட்டார். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் வேறு யாரிடம் போய்க் கோபத்தைக் காட்டுவார்?

எழில் வளரவில்லை. பதினெட்டு வயதில் பதிமூன்று வயதுப் பிள்ளை மாதிரி இருந்தாள். வாய் மட்டும் முப்பது வயதுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வெள்ளிக்கிழமை காரமடையில் பஸ் ஏறும்போது, "வண்டி சர்வீசுக்குப் போகுது, வழி உடுங்க" என்பாள். குழந்தைகள் பிளாக்கில் அவளுக்கென்று ஜன்னலோரக் கட்டில். சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கும். பதினெட்டு வருஷமாக ஊரார் ரத்தம் ஏறி ஏறி, கண்ட ரத்தத்தையும் இப்போது அவள் உடம்பு ஏற்றுக்கொள்வதில்லை. ஒத்துப்போகிற ரத்தமாகத் தேடி, நாங்கள் போவதற்கு முன்பே எடுத்து வைத்திருப்பார்கள். நர்ஸ், "வந்துட்டியா கண்ணு" என்பார். எழில் கையை நீட்டுவாள். சின்னப் பிள்ளைகள் ஊசிக்கு அழுதால் படுத்தபடியே அதட்டுவாள்: "யஷ்வந்த், ராகம் போடாத சாமி. பாட்டு முடிஞ்சாத்தான் ஊசி எடுப்பாங்க." அவன் அழுகையை நிறுத்திவிட்டு இவளை முறைப்பான். என்ன வியாதி, எத்தனை வருஷமாக, எந்த மாதிரி ரத்தம் என்று அங்கே யாரும் எங்களைக் கேட்டதில்லை. நாங்களும் வாய் திறந்து சொல்லிப் பழகவில்லை. அதுதான் பிற்பாடு எங்கள் தலையில் விடிந்தது.

வீட்டிலும் அந்த வியாதியின் பேரைச் சொல்லக் கூடாது. அம்மா பொற்கொடிக்கு இரண்டும் பெண். ரத்தத்தில் கோளாறு என்று ஊருக்குள் தெரிந்தால் பெரியவளை யார் கட்டுவார்கள் என்பது அவள் பயம். கேட்டவர்களுக்கெல்லாம், "சின்னவளுக்குக் கொஞ்சம் ரத்தம் கம்மிங்க" என்று சொல்லிவைத்தாள். சொந்தக்காரர்கள் பாவம், பேரீச்சம்பழமும் பீட்ரூட்டுமாக வாங்கி வருவார்கள். வெள்ளிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் கோனியம்மன் கோயிலுக்கு என்பாள். ஊரில் அம்மாவுக்குப் பெரிய பக்தை என்று பேர். நாங்கள் கோனியம்மன் வாசலை மிதித்தே வருஷக்கணக்காகிறது. ஊசித் தழும்பு தெரியக் கூடாதென்று எழில் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சுடிதார்தான் போடுவாள்.

போன தை மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. சிறுமுகைக்கு அந்தப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். பையன் ரவிக்குமார், அப்பா இல்லை, அம்மா வள்ளியாத்தாள் மட்டும். வந்து எனக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். நிச்சயத்துக்கு, உப்புச் சர்க்கரை மாற்ற, நாளும் பார்த்தாயிற்று. நான் பம்ப் செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸில் வேலை செய்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரவி போன் செய்வார். அவருக்குக் கறிவேப்பிலை விலையைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாது. இன்றைக்கு இவ்வளவு, நேற்றைக்கு அவ்வளவு. அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. ஆமாம், பிடித்திருந்தது, அதில் என்ன?

"எழிலப் பத்தி அவங்ககிட்டச் சொல்லீரலாம்மா" என்று நான் தினமும் சண்டை போட்டேன்.

"தாலி ஏறட்டும், பொறகு சொல்லிக்கலாம். நீ வாயத் தொறந்தீன்னா நான் கெணத்துல உழுந்துபோடுவேன்" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் கிணறே கிடையாது.

எழில்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "உடுக்கா. அம்மா பாவம்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் வெங்கடலட்சுமி டாக்டர் ரிடையர் ஆனார். போகும்போது எழிலின் தலையைத் தடவி, "உனக்குப் பதினெட்டு முடியப் போகுது. இனிமே எதிர்த்த கட்டடம், பெரியவங்க பிளாக். அங்க ரத்த நோய் டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கேன்" என்றார். அம்மா, "செரிங்க" என்றாள். எந்த டாக்டர், என்றைக்கு வருவார், யாரைப் பார்ப்பது, ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெரியவர்கள் எதைச் சொன்னாலும் முதலில் செரிங்க என்றுதான் வாயில் வரும். புரிந்ததா, நமக்குச் சம்மதமா என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். எமன் வந்து நின்று, நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாலும், செரிங்க, காப்பி சாப்பிடறீங்களா என்போம்.

பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் குழந்தைகள் பிளாக்குக்குப் போனால், ஜன்னலோரக் கட்டிலில் யஷ்வந்த் படுத்திருந்தான். நர்ஸ் எங்களை நேராகப் பார்க்கவே இல்லை.

"பதினெட்டு முடிஞ்சிருச்சுங்களா, கம்ப்யூட்டர் பேர எடுத்துக்கவே மாட்டேங்குதுங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

"நம்ம சீட்டுக் கிழிஞ்சுபோச்சு, வாக்கா" என்றாள் எழில்.

பெரியவர்கள் பிளாக்கில் கவுண்டரில் கேட்டோம். ரத்த நோய் டாக்டர் வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார் என்றார்கள். அம்மா, "செரிங்க" என்றாள். செவ்வாய்க்கிழமை போனோம். டாக்டர் லீவு, அடுத்த செவ்வாய் வாங்க என்றார்கள். "செரிங்க." இந்த முறை சொன்னது எழில். திரும்பி வரும்போது பஸ் படியில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் உதடு வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிட்டது. தலை சீவும்போது பாதியில் சீப்பைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். செவ்வாய்க்கிழமை வரைக்கும் இவள் இருப்பாளா? லீவு போட்டேன். அப்பாவை மில்லுக்குப் போகச் சொல்லிவிட்டு, ஒரு கார் பிடித்து, பெரியவர்கள் பிளாக்கில் பொது ஓபிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டோக்கன் வாங்கி அம்மாவையும் எழிலையும் வரிசையில் உட்கார வைத்தேன். "நான் போய் ரத்தத்துக்குச் சொல்லிப்போட்டு வாரேன். டாக்டர்கிட்டத் தெளிவாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ரத்த வங்கிக்கு ஓடினேன்.

அங்கே, வார்டு டாக்டர் எழுதித் தராமல் ஒரு துளிகூட எடுக்க முடியாது என்றார்கள். கெஞ்சினேன். எழிலுக்கு எந்த மாதிரி ரத்தம் வேண்டும் என்கிற விவரம் குழந்தைகள் பிளாக்கில் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் பழைய பதிவுகள் வேறு அறைக்குப் போய்விட்டன, ஆள் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். இப்படி நான் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் ஓபியில் நடந்ததை எழில் பிறகு எனக்குச் சொன்னாள்.

குழந்தைகள் பிளாக்கில் ஒரு டாக்டர் முன்னால் ஒரு பிள்ளைதான் இருக்கும். இங்கே ஒரு மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், ஒருவர் மூச்சு இன்னொருவர் பிடரியில் படுகிற மாதிரி. எழிலை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அம்மா நிமிர்ந்தால், தோளுக்குப் பின்னால் ஒரு குரல்.

"அட, சம்பந்தியா? என்னுங்க இந்தப் பக்கம்?"

வள்ளியாத்தாள். முட்டி வலிக்கு மாத்திரை வாங்க வந்தவள், எங்களுக்கு அடுத்த டோக்கன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நிமிராமலே, "பொண்ணுக்கு என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார்.

பதினெட்டு வருஷமாக அம்மா யார் காதுக்குப் போகக் கூடாதென்று பொத்திப் பொத்தி வைத்தாளோ, அந்தக் காது ஒரு முழத்தில் நின்றது. "ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் ரத்தம் கம்மிங்க. ரத்தம் ஏத்துனாச் செரியாப் போயிருமுங்க" என்றாள்.

"ரத்தம்னா டீயாம்மா, கேட்டதும் ஊத்தறதுக்கு?" என்று டாக்டர் சிரித்தார். இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் சோதிக்க அனுப்பினார். ஹீமோகுளோபின் ஆறுதான் இருந்தது, இருக்க வேண்டியதில் பாதி. வயசுப் பெண், சத்துக் குறைவு என்று முடிவு செய்துவிட்டார். "அட்மிட் பண்ணிருங்க. இரும்புச்சத்து டிரிப் போட்டாத் தெம்பாயிரும்."

எழில் வாயைத் திறந்தாள். அம்மா அவள் முதுகில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். எழில் அம்மாவைப் பார்த்தாள், வள்ளியாத்தாளைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "செரிங்க" என்றாள்.

இதை என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கப் பார்த்தாள். "நீ பாத்திருக்கோணுங்க்கா. என்னக் கொல்றதுக்கு டாக்டரு ரோசனை சொல்றாரு, நானும் செரிங்கங்கறேன்."

அம்மாவுக்கு இரும்பு என்னவென்று தெரியாமல் இல்லை. வள்ளியாத்தாள் நகர்ந்ததும் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஆனால் வள்ளியாத்தாள் நகர்ந்தால்தானே? சம்பந்தி வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? தன் டோக்கனைக் கசக்கிப் போட்டுவிட்டு, இளநீர் வாங்கிக்கொண்டு வந்து எழிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போயி உங்க முட்டிக்குப் பாருங்கக்கா" என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள். "அது கெடக்குது. உங்கள உட்டுப்போட்டு எங்க போறது?" என்றிருக்கிறாள் அவள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருக்கும்போது நர்ஸ் வந்து டிரிப்பை மாட்டிவிட்டார்.

நான் பெண்கள் வார்டைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த பாட்டில்தான். கருப்பட்டிக் காப்பி நிறம். சொட்டுச் சொட்டாக எழிலின் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது? ஓடிப்போய்க் குழாயின் திருகை மூடினேன்.

நர்ஸ் ஓடிவந்தார். "யாருங்க நீங்க? டாக்டர் சொல்லித்தான் போட்டிருக்குது."

"இவளுக்குத் தலசீமியா மேஜருங்க" என்றேன். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன். "பொறந்ததுலிருந்து ரத்தம் ஏத்தறமுங்க. இரும்பு ஏத்துனீங்கன்னா செத்துப்போவா. கழட்டுங்க."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வள்ளியாத்தாளைப் பார்த்தேன். "ஆமாங்கத்தை. ஊருக்குத் தெரியாம மறைச்சமுங்க. உங்ககிட்டயும் மறைச்சமுங்க. இப்பச் சொல்லிப்போட்டேன்" என்றேன். ரவியின் முகம் ஒரு நொடி வந்து போயிற்று. போகட்டும் என்று இருந்தது.

டாக்டர் வந்தார். வந்த வேகத்தில், "இத ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்று கத்தினார். நானும் கத்தினேன். கண் மஞ்சளாக இருப்பது தெரியவில்லையா, சுடிதார்க் கையைத் தூக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எழிலின் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். அவர் பார்த்தார். அப்புறம் சத்தம் போடவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். அவரே நின்று போன் போட்டார். எழிலுக்கு ஒத்துப்போகிற ரத்தம் இங்கே இல்லை. குழந்தைகள் பிளாக்கில் இருந்ததும் காலையில் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. வெளியே தேடிச் சோதித்துக் கொண்டுவர நாளை மத்தியானம் ஆகிவிடும் என்றார்.

"அதுவரைக்கும் தாங்குமுங்களா?" என்று கேட்டேன்.

"இருதயம் ரொம்பச் சிரமப்படுது" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வள்ளியாத்தாள் எழுந்து போயிருப்பாள் என்று நினைத்தேன். திரும்பினால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் கழற்றிக் கொண்டுபோன பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள என்ன அம்மணி இருந்துச்சு?"

"இரும்புங்க" என்றேன்.

"ரத்தம் கம்மின்னா இரும்புதானே குடுப்பாங்க?"

எழில் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, "எனக்கு அது விசமுங்கத்தை" என்றாள்.

வள்ளியாத்தாள் தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். "ரவிக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான்" என்றாள். எங்களுக்கு அது தெரியாது. யாரும் சொன்னதில்லை. "வெளுத்து வெளுத்துப் போவான். வகுறு மட்டும் பானையாட்டம். ரத்தம் கம்மின்னாங்க. இரும்பு டானிக்கு எழுதிக் குடுத்தாங்க. துருவாட்டம் நாத்தமடிக்கும், துப்புவான். நான் மூக்கப் புடிச்சு ஊத்துனேன். ஒரு வேளை தவறலை, கண்ணு. போற அன்னிக்குக் காலைலகூட ஊத்துனேன்."

பிறகு சொன்னாள். "மாமியா சொல்லுச்சு, இத யார்த்தயும் சொல்லிப்போடாத, இனிப் பொறக்கறதுக்குப் பொண்ணு தர மாட்டாங்கன்னு. ரவிக்கே தெரியாது."

அம்மா தரையிலிருந்து நகர்ந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். வள்ளியாத்தாள் அம்மாவின் தலையில் கை வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வீடு, ஒரே வியாதி, ஒரே பொய். யாராவது ஒருத்தர் ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால்? ஆனால் யாரைத் திட்டுவது? டானிக்கால் குழந்தை சாகவில்லை, ரத்தம் ஏற்றாததால்தான் செத்தது என்று டாக்டர் பிறகு வள்ளியாத்தாளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், நம்பவில்லை.

அன்றைக்கும் மறுநாள் காலையிலும் நாங்கள் செய்தது ஒன்றுதான். எழிலின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா மில்லிலிருந்து அப்படியே பஞ்சு ஒட்டிய சட்டையோடு வந்து, சுவரோரம் நின்றார். அம்மா அன்றைக்குத்தான் நிஜமாகவே கோனியம்மனைக் கூப்பிட்டாள். எழில் என்னை அருகில் வரச் சொன்னாள்.

"என்னச் செவுத்துப் பக்கம் திருப்பி உடுக்கா."

திருப்பிப் படுக்க வைத்தேன். அந்தச் சுவரில் வெறும் பச்சைப் பெயிண்ட்தான் இருந்தது. "ஒட்டகச்சிவிங்கி இல்ல" என்றாள். பிறகு, "எனக்குப் பயமா இருக்குதுக்கா. அழுதா ராகம் போடறேம்பியா?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சேர்ந்து அழுதேன்.

ரத்தம் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தது. மிக மெதுவாக ஏற்றினார்கள், வேகமாக ஏற்றினால் இருதயம் தாங்காது என்று. பொழுது சாய்கிற நேரத்தில் எழிலின் உதட்டில் லேசாக நிறம் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் இருதயம் வீங்கிவிட்டது, அது பழையபடி ஆகாது, இனி ரத்தத்தை ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மாத்திரைகளோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன.

ரவிக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவர் உடம்பிலும் பாதி இருந்தது. அவரே காரமடைக்கு வந்தார், ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு. வெறும் கையோடு வரத் தெரியாது அவருக்கு. நமக்குப் பிறக்கும் குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்கிறார்கள், வயிற்றில் இருக்கும்போதே பரிசோதித்துப் பார்க்கவும் முடியும் என்கிறார்கள் என்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா நெனச்சு நெனச்சு அழுவறாங்க. அவங்களால இன்னொருக்காத் தாங்க முடியாதுங்க, பிரியா."

நான் சண்டை போட்டிருக்கலாம். எனக்குச் சண்டை போடத் தெரியாதா? "செரிங்க" என்றேன். அவர் போன பிறகு அந்தக் கறிவேப்பிலைக் கட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். எழில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னாலதானக்கா" என்றாள். "போடி, உனக்கு எல்லாத்துலயும் பங்கு வேணுமா?" என்றேன்.

மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வந்தது. அதே பெரியவர்கள் பிளாக், அதே அறை, அதே கூட்டம். அந்தச் சின்ன டாக்டருக்கு வேறு இடத்தில் டூட்டி. மேஜைக்குப் பின்னால் வேறொரு பெண் டாக்டர் இருந்தார். எழில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டர் நிமிராமலே கேட்டார்.

"என்னம்மா பண்ணுது?"

அம்மா ஒருமுறை பின்னால் திரும்பி யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பிறகு அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "என்ற பொண்ணுக்குத் தலசீமியா மேஜருங்க. எட்டு மாசத்துலிருந்து ரத்தம் ஏத்தறமுங்க. இரும்பு குடுக்கக் கூடாதுங்க" என்றாள். வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"மெதுவாச் சொல்லுங்கம்மா, எனக்குக் காது கேக்குது" என்றார் டாக்டர். கம்ப்யூட்டரில் பார்த்தார். "ரத்த நோய் டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவாரு. அன்னிக்கு வந்துருங்க."

அம்மாவின் வாயில் அது வந்துவிட்டது, உதடு அசைவதைப் பார்த்தேன். என் வாயிலும் வந்தது. எழில் முந்திக்கொண்டாள்.

"முடியாதுங்க."

அவள் ஒரு டாக்டரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"போன தடவையும் செவ்வாக்கெழமைன்னாங்க, செரிங்கன்னு போனேன். இருதயம் வீங்கிப்போச்சுங்க" என்றாள் எழில். ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கால் தரைக்கு எட்டவில்லை. "எனக்கு ரத்தம் எடுத்து வெக்கச் சொல்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டனுங்க."

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் முணுமுணுத்தார். "எந்திரி பாப்பா. நாங்கெல்லாம் கால் கடுக்க நிக்கறமல்ல?"

எழில் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையும் குறையவில்லை.

"நீங்க சித்த நில்லுங்கய்யா. நீங்க நாளைக்கு வந்துக்கலாம். நான் இன்னிக்குப் போனேன்னா மறுக்கா வர மாட்டனுங்க."

டாக்டர் போனை எடுத்தார்.